கூச்சப்படுகிற அறைகள்

துரத்திவிட்டார்களாம். மாடி வீட்டுக்காரி சொல்லிக்கொண்டு திரிகிறாள். என் மருமகளை யாரும் துரத்தவில்லை, அவளாகத்தான் வேலையை விட்டு வந்தாள். "கைக்கு வந்த வீட்டை யாராவது கதை எழுதித் தொலைப்பாங்களா?" என்று என்னிடமே கேட்டாள் அந்த மகராசி. கைக்கு எப்போது வந்தது, நாங்கள் தொலைக்க?

மருமகளுக்கு வீட்டுத் தரகு ஆபீசில் வேலை. வாடகை வீடுகளைப் பற்றி அட்டையில் எழுதி, தெருப்பக்கக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். காற்று வரும், வெளிச்சம் வரும், பஸ் நிறுத்தம் பக்கம், இப்படி. எலி வளையைக்கூட அரண்மனையாக்கிவிடுவாள். அவள் எழுத்துக்கு அங்கே அவ்வளவு மரியாதை. எழுத்துக்கு மட்டும்தான். ஆளைக் கழிப்பறைக்குப் பக்கத்துப் பின்னறையில் உட்கார வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் எங்கள் கருத்த தோலைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாதே, பாவம்.

ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் மேனேஜர் அவளை முன்னால் கூப்பிடுவார். எங்கள் நிறத்து ஆட்கள் வீடு கேட்டு வந்தால், "இப்பத்தான் போச்சு" என்று அவள் சொல்ல வேண்டும். அவள் வாயால் சொன்னால் அவர்களுக்கு மனம் நோகாதாம். எவ்வளவு இளகின மனசு பாருங்கள்.

அவளும் அந்த ஆபீசில் ஒரு வீடு கேட்டு வைத்திருந்தாள். இரண்டு அறை, பூட்டியே கிடந்தது. இங்கே எங்களுக்கு ஒரே அறை. நான் கட்டிலில், மகனும் அவளும் தரையில், பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில். கேட்கிற போதெல்லாம் அவளுக்கும் அதே பதில்தான், போய்விட்டது.

ஒருநாள் பஸ் டிரைவர் ஒருவர், எங்கள் ஆள், மனைவியும் கைக்குழந்தையுமாக வந்தார். மருமகள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "பரவால்லம்மா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று அவர் அவளுக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் அந்த வீடு ஒரு வெளுத்த ஆளுக்கு வாய்த்துவிட்டது. அன்றைக்கு அவள் தட்டைத் தொடவில்லை. அழுவதானால் அழு, பட்டினி கிடக்காதே என்று திட்டினேன். அவள் அழவில்லை. அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாள்.

எனக்குப் படிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டினாள். "இந்த அறை மிகுந்த கூச்ச சுபாவம் உடையது. கருத்த கை கதவைத் தட்டினால் ஓடி ஒளிந்துகொள்ளும். சற்றுப் பொறுத்து வெளுத்த கை தட்டினால், தலைசீவிப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து நிற்கும்." இன்னொன்று: "சமையலறை விசாலம். வீட்டுக்காரர் மூக்கு அதைவிட விசாலம். நாளை நீங்கள் சமைக்கப்போவதை இன்றே மோந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்."

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதை எழுதி, பழைய அட்டைகளை எடுத்துவிட்டு இவற்றை ஒட்டினாள். எழுத்து தெருவைப் பார்த்திருக்கும், ஆபீசுக்குள் தெரிவது வெறும் முதுகு. மேனேஜரோ காரைப் பின்பக்கம் நிறுத்திப் பின்வாசல் வழியாக வருகிறவர். கண்ணாடிக்கு வெளியே கூட்டம் கூடக் கூட, வியாபாரம் சூடுபிடித்துவிட்டது என்று அந்த மனிதர் பூரித்துப்போனார். "உன் எழுத்துக்கு இழுக்கிற சக்தி இருக்கும்மா" என்று பாராட்டு வேறு.

கடைசியில் யாரோ ஒருத்தி உள்ளே வந்து, அந்தக் கூச்சப்படுகிற அறையைப் பார்க்க முடியுமா என்று கேட்டுச் சிரித்திருக்கிறாள். மேனேஜர் முதல்முறையாகத் தெருவுக்குப் போய்ப் படித்தார். திரும்பி வந்தபோது முகம் சுண்டியிருந்ததாம். ஆனால் கத்தவில்லை. வெளியே அத்தனை பேர் நிற்கும்போது எப்படிக் கத்துவார்? மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சாவியை எடுத்து வைத்தார்.

"அந்தக் குப்பையெல்லாம் எடுத்துட்டு, விளையாட்டுக்கு எழுதினேன்னு ஒரு அட்டை ஒட்டிடு. அந்த ரெண்டு ரூம் வீட்டை எடுத்துக்கோ."

"அது போயிடுச்சுன்னு நேத்துதானே சொன்னீங்க, சார்?"

"திரும்பி வந்துடுச்சு."

"அப்ப அந்த டிரைவரக் கூப்பிட்டு, அவருக்கும் ஒண்ணு வந்துடுச்சுன்னு சொல்லட்டுமா?"

"உனக்கு வீடு வேணுமா, ஊர் நியாயம் வேணுமா?"

சாவியைப் பார்த்ததும் பிள்ளைகள் கட்டிலுக்கடியில் சுருண்டு கிடப்பது கண்ணுக்குள் வந்தது, கைகூட நீண்டுவிட்டது என்று என்னிடம் ஒளிக்காமல் சொன்னாள். நீளாமல் என்ன செய்யும்? மாடி வீட்டுக்காரிக்கு இது தெரிந்தால் இன்னும் ஒரு மாதத்துக்குப் பேச்சு ஓடும். ஆனால் எடுத்தால் தான் எழுதியது அத்தனையும் பொய் என்று தன் கையாலேயே எழுத வேண்டும். சாவியை அவர் பக்கமே தள்ளி வைத்தாள்.

மேனேஜர் எழுந்து அட்டைகளைப் பிய்க்கப் போனார். என் மருமகள் எதை ஒட்டினாலும் நன்றாக ஒட்டுவாள். அவர் நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்க, வெளியே கூட்டம் மிச்சத்தைப் படித்துக்கொண்டிருந்தது. அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து தெருவில் இறங்கிவிட்டாள்.