அரியாலையில் ஒரு கிற்றார்ப் பெட்டி

கொக்குவிலில் நான் வாங்கிய பழைய பேஸ் கிற்றார் கடைகளில் விற்கிற எந்தப் பைக்குள்ளும் அடங்கவில்லை. கழுத்து அவ்வளவு நீளம். அரியாலையில் ஒருவர் பழைய மரப்பெட்டி ஒன்றை விற்கிறார் என்று சொன்னார்கள். கிற்றாரையும் தூக்கிக்கொண்டு போனேன்.

மெலிந்த மனிதர். சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். கிற்றாரைக் கையில் வாங்கியவர் தந்திகளைத் தொடவே இல்லை. குப்புறப் புரட்டி, கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, அதன் முதுகை விரலால் மெல்லத் தடவினார். பிறகு பெட்டியைத் திறந்து உள்ளே வைத்தார். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது.

“என்ன விலை அண்ணை?”

“குடுக்கேலாது தம்பி. உந்தக் கிற்றார் அவன்ரை இல்லை.”

“ஆர் அவன்?”

“என்ரை கடைசித் தம்பி. அவன்ரை கிற்றாருக்கு முதுகிலை சிகரெட் சுட்ட அடையாளம் இருக்கும். சண்டையிலை ஊரை விட்டு இடம்பெயரேக்கை பிள்ளையளின்ரை உடுப்பு அடுக்க வேணுமெண்டு கிற்றாரை வீட்டிலை வைச்சிட்டுப் பெட்டியை மட்டும் கொண்டு வெளிக்கிட்டம். பாதி வழியிலை, கிற்றாரை எடுத்துக்கொண்டு வாறனெண்டு திரும்பிப் போனவன். இன்னும் வரேல்லை.”

“பிறகேன் பெட்டி விக்கிறதெண்டு சொல்லுறியள்?”

“பெட்டி தேடுறவன்தானே கிற்றாரைக் கொண்டு வருவான்.”

வெறுங்கிற்றாரோடு திரும்பினேன். இன்றும் அது ஒரு பழைய போர்வைக்குள்தான் கிடக்கிறது. யாராவது பழைய பேஸ் வாங்கியதாகச் சொன்னால், அரியாலையில் ஒரு பெட்டி விலைக்கு இருக்கிறது, கிற்றாரையும் கொண்டுபோங்கள் என்று நானும் சொல்லி அனுப்புகிறேன்.