மாமி மகளுக்குத் துணை

மாமாவும் மாமியும் மலேசியாவிலிருந்து வந்தபோது மூன்று பள்ளிக்கூடப் புத்தகங்களைக் கொண்டுவந்தார்கள். பாடப் புத்தகம் இல்லை. எங்கள் பள்ளிக்கூடம் இப்படி இருக்கும், வந்து சேருங்கள் என்று படம் போட்டுக் காட்டும் புத்தகம். கல்யாண ஆல்பம் மாதிரி பளபளவென்று இருந்தது. எனக்கு அப்போது பத்து வயது.

மாமி என் வாப்பாவின் கூடப்பிறந்த தங்கை. மாமாவுக்குக் கோலாலம்பூரில் மளிகைக் கடை. ஒரே மகள். அவளுக்கும் பத்து வயதுதான். அங்கேயே வளர்ந்தாலும் அந்த நாட்டுப் பிள்ளை இல்லை என்பதால் அரசாங்கப் பள்ளியில் இடம் கிடைப்பது சிரமமாம். கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அதை மூடிவிட்டார்கள். இனி இங்கிலீஷ் இன்டர்நேஷனல் ஸ்கூல்தான் என்று மாமி முடிவு செய்திருந்தாள். எந்த ஸ்கூல் என்பதுதான் பாக்கி. அதை வாப்பா சொல்ல வேண்டும். வாப்பா படித்தது மூன்றாம் வகுப்பு. இருந்தாலும் மாமிக்கு அவர் காக்கா, மூத்த அண்ணன். அங்கே ஃபிரிட்ஜ் வாங்கினால்கூட போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவாள்.

எங்கள் வீடு பம்பாயில், தாராவியில். கீழே பட்டறை, மேலே வீடு, நடுவில் இரும்பு ஏணி. வாப்பா பைகளுக்குத் தோல் வெட்டுகிறவர். புத்தகங்களைப் பட்டறையில் வைத்தே விரித்தார்கள். வாப்பாவின் கூட்டாளியான, தையல் மிஷின் ஓட்டும் சாச்சாவும் வேலையை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

முதல் புத்தகத்தில் நீச்சல் குளம். உம்மா ஏணியில் நின்றபடியே பார்த்துவிட்டு, "பொம்பளப் பிள்ளைய இதுல எறக்குவாங்களா?" என்று கேட்டாள். அது போயிற்று.

இரண்டாவதில் பிள்ளைகள் குதிரை மேல் இருந்தார்கள்.

"குதிரை எதுக்கு மாப்ளே?" என்றார் சாச்சா. "படிச்சு முடிச்சிட்டு சௌபாட்டி கடற்கரையில விக்டோரியா குதிரை வண்டி ஓட்டப் போறாளா?"

மாமாவே சிரித்துவிட்டார். அதுவும் போயிற்று.

மூன்றாவதில் வகுப்பறைகள் மட்டும்தான். வாப்பா படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்க்கவில்லை. அவர்கள் தோளில் கிடந்த பைகளைப் பார்த்தார்.

"மத்த ரெண்டுலயும் பை புதுசு. படம் பிடிக்கக் கொண்டாந்தது. இதுல வாரு தேஞ்சிருக்கு. பிள்ளைக புஸ்தகம் சுமக்குதுக. இதுல சேருங்க."

இப்படித்தான் இன்டர்நேஷனல் ஸ்கூல் முடிவானது.

ஆனால் மாமி மகள் தனியாகப் போக மாட்டேன் என்றாள். புது ஸ்கூலில் தமிழ்ப் பிள்ளை ஒன்றுகூட இருக்காது, எனக்குப் பயம் என்று அழுதாள். மாமா காலையில் கடைக்குப் போனால் மாமியும் பின்னாலேயே போக வேண்டும். வீட்டிலும் அவளுக்கு யாரும் இல்லை. மாமி என்னைப் பிடித்து மடியில் இருத்திக்கொண்டு கேட்டாள்.

"ஏ மருமவளே, எங்கூட வாறியா? ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போய் ஒரே பஸ்ல வரலாம்."

படிக்க வருகிற பிள்ளைக்கு விசா கிடைக்கும் என்றார் மாமா. செலவும் தன்னுடையது என்றார். வாப்பா உம்மாவைப் பார்த்தார்.  மூன்றாம் நாள் உம்மா எனக்கு இரண்டு புதுச் சுடிதார் தைக்கக் கொடுத்தாள். சரி என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

எனக்குப் போக வேண்டும். அந்த மூன்றாவது புத்தகத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாற்காலி இருந்தது. என் முனிசிபல் பள்ளியில் ஒரு பெஞ்சுக்கு ஐந்து பேர். ஓரத்தில் உட்காருகிறவள் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டே இருக்க வேண்டும். நான் ஓரம்.

"என்ன ஓய், மலேசியாக்காரி வாப்பா ஆகப்போறீரு," என்று சாச்சா வாப்பாவைச் சீண்டினார். "இனி உம்ம மக வந்தா உம்மகிட்ட இங்கிலீஷ்லதான் பேசுவா. நீரு யெஸ் யெஸ்ஸுன்னு தலைய ஆட்டணும்."

வாப்பா வேலையைப் பார்த்தார்.

சேருவதற்கு முன்னால் ஒரு பரீட்சை உண்டு. அதை ஸ்கூலே கம்ப்யூட்டரில் அனுப்பியது. எங்கள் சந்தில் இங்கிலீஷ் டியூஷன் எடுக்கும் டீச்சர் அச்செடுத்து, கடிகாரம் வைத்து, எங்கள் இருவரையும் தன் வீட்டில் எழுத வைத்தார். எனக்கு இங்கிலீஷ் வராது என்று அவரே எழுதிக் கேட்டிருந்தார். கேள்வியைத் தமிழில் சொல்லலாம் என்று பதில் வந்தது.

இங்கிலீஷ் தாளில் என் பெயரை எழுதினேன். அவ்வளவுதான். மாமி மகள் பக்கம் பக்கமாக எழுதினாள். கணக்கு எனக்குச் சிரமமாக இல்லை. அடுத்த தாள் முழுக்கப் படம். ஒரு கட்டம் இருக்கும், அதில் இந்தத் துண்டுகளை எப்படி அடக்குவாய் என்று கேட்டிருக்கும். எது திருப்பிப் போட்ட துண்டு, எது சுற்றி வைத்த துண்டு என்று கேட்டிருக்கும்.

நான் தினமும் பள்ளி விட்டு வந்ததும் வாப்பாவுக்குத் தோலில் அளவு அட்டை பரப்பிக் கொடுப்பேன். பைக்கு எத்தனை துண்டு உண்டோ அத்தனை அட்டை. ஓட்டை, தழும்பு படாமல், தோல் வீணாகாமல் நெருக்கி வைக்க வேண்டும். இடப்பக்கத்துத் துண்டைத் திருப்பினால் வலப்பக்கம். இதற்கு ஒரு பரீட்சை வைப்பார்களா என்று இருந்தது. சீக்கிரமே முடித்துவிட்டு டீச்சர் வீட்டு மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி மகள் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நான்கு நாள் கழித்து டீச்சர் ஒரு தாளோடு ஏணி ஏறி வந்தார். உம்மா என்னைச் சமோசா வாங்க அனுப்பினாள். கடையில் கூட்டம். நான் திரும்பி வந்தபோது டீச்சர் போய்விட்டிருந்தார்.  சமோசாவை யாரும் எடுக்கவில்லை.

மாமிதான் சொன்னாள். "ஒன் உம்மாவ விட்டுட்டு ஒன்னால இருந்துக்கிட முடியாது மருமவளே."

இருப்பேன் மாமி என்றேன். 

கீழே போனேன். வாப்பா கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார்.

"நான் பெயிலா வாப்பா?"

"ஆமா," என்றார். தலையைத் தூக்கவில்லை.

எட்டாவதோடு நான் பள்ளியை விட்டேன். அப்போது அந்த டீச்சர் வந்து உம்மாவைத் திட்டினார். திட்டும்போதுதான் இது வெளியே வந்தது. படத்தாளில் நாற்பது கேள்வி. எனக்குத் தப்பு ஒன்றே ஒன்று. வயதுக்குரிய வகுப்பிலேயே என்னைச் சேர்க்கிறோம், இங்கிலீஷுக்குத் தனியாக ஒரு மணி நேரம் கொடுப்போம் என்று ஸ்கூல் எழுதியிருந்தது. மாமி மகளுக்குக் கணக்கு போதாது, ஒரு வகுப்பு கீழே சேருங்கள் என்றும் எழுதியிருந்தது.

மாமா, "நல்லதாப் போச்சு, இவ அவளுக்குச் சொல்லிக் குடுப்பா," என்றாராம்.

மாமி தாளை மடித்தாளாம். "நான் துணைக்குத்தான காக்கா கேட்டேன்? இவ எம்மவளுக்கு முன்னால நடப்பா போலல்லா இருக்கு."

வாப்பா மாமி மகளைப் பார்த்தாராம். அவள் மூலையில் உட்கார்ந்து பாயில் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "சரி. ஒம் மவள நல்லபடியாச் சேரு. இவ இங்க இருக்கட்டும்," என்றாராம்.

டீச்சர் விடவில்லை. உங்கள் பிள்ளைக்குக் கிடைத்ததை நீங்களே ஏன் விடுகிறீர்கள் என்று சண்டை போட்டிருக்கிறார். அதற்கு வாப்பா, "மனசில்லாத வீட்டுல பிள்ளைக்குச் சோறு எறங்காது டீச்சர்," என்று சொல்லி, அவருக்குச் சலாம் சொல்லி அனுப்பிவிட்டார்.

இதெல்லாம் பதினான்கு வயதில் தெரிந்தது. பத்து வயதில் தெரியாது. பத்து வயதில் எனக்குத் தெரிந்தது நான் பெயில் என்பது மட்டும்தான்.

அவர்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று சந்துக்குள் டாக்ஸி வராது என்பதால் எல்லோரும் மெயின் ரோடு வரை பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். மாமி மகள் என்னிடம் பேசவில்லை. முதலில் ஏறி உள்ளே உட்கார்ந்துகொண்டாள். மாமா வாப்பாவைக் கட்டிப் பிடித்தார். மாமி ஏறப் போகும்போது எனக்கு ஒன்று தோன்றியது. இவ்வளவு தூரம் செலவழித்து வந்து, ஸ்கூல் பார்த்து, பரீட்சை வைத்து, கடைசியில் என்னால்தானே வீணாயிற்று. அவள் மகள் இனித் தனியாகத்தானே போக வேண்டும். போய் அவள் துப்பட்டாவைப் பிடித்தேன்.

"மாமி, நான் சரியா எழுதல. கோவிச்சுக்கிடாதீங்க."

மாமி என்னைப் பார்த்தாள். பிறகு ரோட்டிலேயே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்படி ஒருவர் அழுது நான் பார்த்ததில்லை. டாக்ஸிக்காரர் ஹார்ன் அடித்தார். வாப்பா டிக்கியைச் சாத்துவதற்காகப் பின்னால் போனார். உம்மா எதிர்ப்பக்கத்து மருந்துக்கடைப் போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் பெயிலானதற்கு இவ்வளவு அழுகிறாளே என்று எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"அடுத்த வருசம் நல்லா எழுதுறேன் மாமி," என்றேன்.