வீட்டிலேயே ரவை செய்ய ஒரு புத்தகம்

என் கணவருக்குக் கடையில் வாங்கும் எதிலும் நம்பிக்கை கிடையாது. ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். வரும்போது உடுப்பை விடப் பாரமான ஒரு மா அரைக்கும் மெசினைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாண் சுடுவது வீட்டில், தயிர் வீட்டில், மிளகாய்த்தூள் வீட்டில். ஆகவே 2009 சித்திரையில் ஒரு சனிக்கிழமை காலை, தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, "இனி ரவையையும் வீட்டிலயே செய்யலாம் எண்டு யோசிக்கிறன்" என்று அவர் சொன்னபோது நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாராளமாகச் செய்யுங்கள், தூசி மட்டும் கார்ப்பெட்டில் படக்கூடாது என்றேன்.

என் யோசனை முழுவதும் தம்பியிடம் இருந்தது. அவன் சண்டை நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். மாசியில் ஒருமுறை பேசினான், அதன்பிறகு சத்தமில்லை. இருக்கிறானா இல்லையா என்று சொல்லக்கூட ஆளில்லை. லண்டன் சட்டனில் எங்கள் வீட்டு முன்னறையில் தமிழ் டிவி இரவு பகலாக ஓடியது. அதில் போகிற முகங்களில் அவனுடைய முகத்தைத் தேடுவதுதான் வேலை முடிந்து வந்தால் எனக்கு இன்னொரு ஷிப்ட்.

அவர் இரவல் வாங்கிய இரண்டு புத்தகங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவருக்கு ஜெர்மன் தண்ணீர் பட்ட பாடு, ஆங்கிலம் வாசிக்கத்தான் பஞ்சி. கவுன்சில் அனுப்புவது முதல் மருந்துப் பெட்டியில் இருப்பது வரை நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். ஒன்றுதான் வாங்கப்போகிறாராம், எது நல்லது என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

ரவை செய்ய இவ்வளவு தடித்த புத்தகமா என்று சிரித்தபடி விரித்தேன். பக்கம் முழுவதும் பித்தளைக் கோதுகள். பக்கத்தில் கூர்மூக்கோடு சன்னங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே அளவு. அட்டையைத் திருப்பினேன். வெடித்து முடிந்த கோதை மறுபடி வெடிமருந்து போட்டு நிரப்புவது எப்படி என்ற புத்தகம் அது.

எங்கள் ஊர்த் தமிழில் உப்புமாவுக்குப் போடுவதும் ரவை, துவக்குக்குப் போடுவதும் ரவை. நாற்பது வயது வரை நான் இரண்டையும் குழப்பியதில்லை. சட்டனில் என் சொந்தச் சாப்பாட்டு மேசையில் வந்துதான் குழம்பினேன்.

வீட்டில் துவக்கு இருப்பது எனக்குத் தெரியும். அவர் இருந்த ஜெர்மன் கிராமத்தில் ஆம்பிளைகள் எல்லோரும் சுடும் சங்கத்தில் இருந்தார்களாம், ஊரோடு ஒட்ட வேண்டும் என்று இவரும் சேர்ந்தாராம். இங்கேயும் ஒரு கிளப் பிடித்து ஞாயிறுகளில் போய்க் கடதாசி வட்டத்தைச் சுட்டுவிட்டு வருவார். பொலிஸ் வந்து பார்த்து, சரி என்று சொன்ன இரும்பு அலுமாரி மேல்மாடியில் இருந்தது. அதைத் திறக்காத வரையில் எனக்குப் பிரச்சினையில்லை என்று இருந்துவிட்டேன். ஆனால் ரவையை இந்த வீட்டுக்குள் உண்டாக்குவது என்பது எனக்கு வேறு கதை.

"என்ர தம்பி அங்க ரவைக்குள்ள நிக்கிறான். நீங்கள் இஞ்ச இருந்து ரவை செய்யப்போறியளோ?" என்று கேட்டேன்.

அவர் கத்தவில்லை. கடதாசி சுடுவதற்குத்தானே என்றார். தராசில் மருந்தை நிறுத்துப் போடுகிற நேரம் மனிதனுக்கு வேறொன்றும் நினைக்க ஏலாதாம், அந்த டிவிச் சத்தத்திலிருந்து கொஞ்ச நேரம் தப்பலாமாம். அவரும் நித்திரை இல்லாமல்தான் திரிந்தார், அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் அடங்கவில்லை. இரண்டு நாள் கோப்பையை மேசையில் அடித்துத்தான் வைத்தேன்.

ஆனாலும் வாசிக்காமல் விட முடியவில்லை. வேண்டாம் என்று சொல்ல அதற்குள்ளேயே ஒரு காரணம் கிடைக்கும் என்று நினைத்தேன். சண்டையை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் எங்கள் சனம் நின்ற நாட்கள் அவை. வேலை முடிய நானும் போவேன். ஒரு பின்னேரம் ரயிலில் போகும்போது, தடித்த புத்தகத்தை இலவசப் பேப்பருக்குள் மறைத்து வைத்து வாசித்துக்கொண்டிருந்தேன். கிளாப்ஹாம் ஜங்ஷன் கிட்ட வரும்போதுதான் உறைத்தது. எங்கே போகிறேன், கையில் என்ன வைத்திருக்கிறேன்? அங்கே பொலிஸ் வரிசையாக நிற்கும், பையைத் திறக்கச் சொன்னாலும் சொல்வார்கள். சட்டப்படி அது கடையில் விற்கிற புத்தகம்தான். ஆனால் அதை நான் விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் தம்பியே லண்டனுக்கு வந்து சேர்ந்துவிடுவான். அங்கேயே இறங்கி, எதிர்ப்பக்க ரயிலைப் பிடித்து வீட்டுக்கு வந்தேன். வழி நெடுக அவரைத் திட்டினேன்.

அந்தக் கோபத்தோடு இருந்து இரண்டையும் வாசித்து முடித்தேன். சின்னப் புத்தகத்தில் படத்துக்குப் படம் ஆட்கள் சிரித்தார்கள், எல்லாம் வெகு சுலபம் என்றது. தடித்தது அப்படியில்லை. பாதிப் புத்தகம் கூடாது, கூடாது என்றுதான் இருந்தது. அதில் ஒரு பக்கத்தை அவரைக் கூப்பிட்டு இருத்தித் தமிழில் சொன்னேன். களைப்போடு செய்யக்கூடாது. டிவி ஓடும் இடத்தில் செய்யக்கூடாது. கதைத்துக்கொண்டு செய்யக்கூடாது. மனம் வேறெங்காவது நிற்கிற நாளில் தொடவே கூடாது.

"இதைத்தான் வாங்குங்கோ" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், பிறகு டிவியைப் பார்த்தார். அப்படியானால் இந்த வீட்டில் யாராலும் அதைத் தொட முடியாது என்று அவருக்கு விளங்கிவிட்டது. "சரி. தம்பியின்ர செய்தி வரட்டும். அதுவரைக்கும் திறக்கமாட்டன்" என்றார். சொன்னபடியே தடித்த புத்தகத்தைப் புதிதாக வாங்கி, பொலித்தீன் உறை பிரிக்காமல் பிரிட்ஜுக்கு மேலே வைத்தார். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அது கண்ணில் படும். அதைப் பார்த்தால் தம்பியின் செய்தி இன்னும் வரவில்லை என்பதுதான் நினைவுக்கு வரும்.

வைகாசியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று டிவி சொன்னது. தம்பியைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. ஆனியில் ஒரு காலை, வேலைக்குப் போக சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. லைன் கரகரத்தது. "அக்கா" என்ற அந்த ஒரு சொல்லிலேயே ஆளைப் பிடித்துவிட்டேன். முகாமில் இருக்கிறானாம், யாருடையதோ போனாம், கெதியாகக் கதைக்க வேணுமாம். எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். கரகரப்புக்கு நடுவில் "ரவை" என்பது மட்டும் கேட்டது.

"எங்கயடா?" என்று கத்தினேன்.

"வயித்துக்குள்ளதான்" என்றான்.

அப்படியே தரையில் இருந்துவிட்டேன். அவர் ஓடிவந்து போனை வாங்கிக் காதில் வைத்தார். எத்தனை பட்டது, டொக்டர் பார்த்தாரா என்று கேட்டார். அந்தப் பக்கம் ஒன்றும் விளங்காமல் தம்பி முழிப்பது இந்தப் பக்கம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவருடைய முகம் மாறியது. போனைப் பொத்திக்கொண்டு, "சாப்பாட்டைச் சொல்லுறானப்பா. காலமையும் ரவைக்கஞ்சி, பின்னேரமும் ரவைக்கஞ்சியாம்" என்றார். நான் சிரித்தேனா அழுதேனா என்று இன்றைக்கும் தெரியாது. உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல் தம்பி இருந்தான்.

அந்த இலையுதிர் காலத்தில் அவர் பொலித்தீனைப் பிரித்தார். தோட்டத்துக் கொட்டிலில் வைத்துச் செய்தார். அந்தப் பக்கம் நான் போனதில்லை.

சில வருடங்கள் கழித்துத் தம்பி விசிட் விசாவில் வந்தான். விமானம் இறங்க முதலே வீட்டைத் துப்புரவாக்கினேன். பித்தளைக் கோது ஒன்றுகூட அவன் கண்ணில் படக்கூடாது என்று கொட்டிலைப் பூட்டித் திறப்பை வாங்கி வைத்துக்கொண்டேன். தடித்த புத்தகத்தை என் சேலைகளுக்கு அடியில் தள்ளினேன். ரவை என்ற பேச்சே எடுக்கக்கூடாது என்று அவருக்குக் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். அவரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

மறுநாள் காலை நான் கீழே இறங்கி வரும்போது குசினியில் அவருடைய மெசின் இரைந்து ஓய்ந்திருந்தது. நெய்யும் கறிவேப்பிலையும் மணத்தன. மைத்துனர் வந்திருக்கிறார் என்று விடிய எழும்பிக் கோதுமையைக் கரகரப்பாக அரைத்து உப்புமா கிண்டியிருந்தார். தட்டைத் தம்பிக்கு முன்னால் வைத்து, வீட்டிலேயே செய்தது, சாப்பிட்டுப் பாரும் என்று பெருமையோடு சொன்னார்.

தம்பி தட்டைப் பார்த்தான். கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. முகத்தில் ஒரு பொட்டு இரத்தமில்லை. நான் படியிலேயே நின்றுவிட்டேன். வீடு முழுக்கத் துவக்கு ரவையை ஒளித்த நான் முகாமின் கஞ்சி ரவையை ஒளிக்கவில்லை.

அவன் தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தான்.

"அத்தான், பாண் இருந்தால் ஒரு துண்டு தாங்கோ" என்றான்.