எங்கே போகிறாய் என்று கேட்டவர்

சிட்னியின் செவன் ஹில்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வாராவாரம் எங்களுடைய குப்பைத் தொட்டியையும் சேர்த்து உள்ளே இழுத்து வைத்துவிடுவார். நாங்கள் கேட்டதில்லை. இத்தனை வருடமாகியும் அவர் அந்தத் தொட்டியில் கை வைக்கும்போதெல்லாம் நான் யன்னல் சீலையை விலக்கிப் பார்த்துக்கொண்டு நிற்பேன். காரணமில்லாமல் உதவ வருகிற மனிதரைக் கண்டால் எனக்கு உள்ளுக்குள் ஏதோ இடிக்கும். ஊரிலிருந்து விமானம் ஏறும்போது பெட்டியில் வைக்காமல் பலதை விட்டுவிட்டு வந்தேன். சந்தேகத்தை மட்டும் மறக்காமல் கொண்டுவந்துவிட்டேன்.

போன கோடையில் பழைய பாய்ப்படகு ஒன்றை ட்ரெய்லரோடு வாங்கினேன். என் மனைவி மாலதிக்கு அது விசர் வேலை. ஒருவரிடமும் கேட்காமல், ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு தடவை கடலுக்குப் போய்வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. சண்டைக் காலத்தில், ஊரில் எங்கள் கரையில் அது முடியாத காரியமாக இருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் வள்ளத்தைத் தள்ளுவதற்கு முன் இராணுவக் காவலரணில் போய் நிற்க வேண்டும். எந்தப் பக்கம், எத்தனை பேர், எப்போது திரும்புவாய்? சொன்ன நேரம் பிந்தினால் வெயிலில் முழங்காலில் நிற்க வைப்பார்கள். அதனால் எல்லோரும் பாதி உண்மையான பதில்களைப் பழகி வைத்திருந்தார்கள். ஒருநாள் சித்தப்பா திரும்பவில்லை. காலையில் அவரிடம் அத்தனையும் கேட்டவர்களில் ஒருவன்கூடத் தேடிப் போகவில்லை. எங்களையும் போக விடவில்லை.

சிட்னிக்குத் தெற்கே, ஆறு கடலோடு சேரும் இடத்தில் ஒரு படகுத்துறை இருக்கிறது. கொங்கிரீட் சரிவுதான், ஆனால் சாய்வு போதாது. நாங்கள் போனது கடல் வற்றியிருந்த நேரம் வேறு. எவ்வளவு பின்னுக்கு விட்டாலும் தண்ணீர் ட்ரெய்லர்ச் சில்லின் பாதிக்கு மேல் வரவில்லை. இன்னும் விட்டால் காரின் பின்பக்கம் உப்புத் தண்ணீருக்குள் போய்விடும். இருவரும் தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தோம். படகு அசையவில்லை.

தன் அலுமினியப் படகை இறக்கக் காத்து நின்ற வயதான வெள்ளைக்காரர் ஒருவர் எங்களிடம் வந்தார். பெயர் கிரெக் என்றார். அவருடைய யோசனையைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ட்ரெய்லரைக் காரிலிருந்து கழற்றிவிட்டு, இரண்டையும் நீளமான கயிற்றால் தொடுக்க வேண்டுமாம். கயிற்றைக் காரின் கொக்கியில் ஒரு சுற்றுச் சுற்றி அவர் பிடித்துக்கொள்வாராம். ட்ரெய்லர் மட்டும் ஆழத்துக்கு உருளுமாம். நான் படகோடு இடுப்பளவு தண்ணீரில் நிற்க வேண்டுமாம். அதாவது கார் அவர் பக்கத்தில், நான் கடலுக்குள். நல்ல திட்டம்தான். நான் காரைப் பூட்டித் திறப்பை எடுத்து, கண்ணைக் காட்டி மாலதியின் கைப்பைக்குள் போட்டேன்.

கிரெக் கயிற்றை மெதுவாக இளக்கினார். ட்ரெய்லர் இறங்கி மூழ்கியது, படகு தானாகவே மிதந்தது. மாலதியைப் படகைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, திறப்பை வாங்கிப் போய், கிரெக் கயிற்றைக் கொக்கியில் இறுக்கிக் கட்டியதும் காரை முன்னுக்கு எடுத்தேன். ட்ரெய்லர் கயிற்றோடு மேலே வந்தது. எல்லாவற்றையும் பூட்டிவிட்டு நன்றி சொல்லிப் படகில் காலை வைக்கும்போதுதான் அவர் கேட்டார். எந்தப் பக்கம், எத்தனை பேர், எப்போது திரும்புவீர்கள்?

அதே கேள்விகள், அதே ஒழுங்கில். புறப்படுகிறவரை எங்கே என்று கேட்பது எங்கள் வீடுகளில் ஆகாத காரியம் என்பதால் மாலதிக்கு வேறு கோபம்.

“வெளிக்கிடேக்க எங்க எண்டு கேக்கிறார். விளங்கினமாதிரித்தான்,” என்று முணுமுணுத்தாள்.

நான் யோசிக்கவே இல்லை. இடப்பக்கக் குடாவைக் காட்டி, இரண்டு பேர், மூன்று மணிக்குத் திரும்புவோம் என்றேன். மணல் திட்டைத் தாண்டி அவர் கண்ணுக்கு மறைந்ததும் படகை வலப்பக்கம் திருப்பினேன்.

பாய் காற்றைப் பிடித்ததும் மனம் துள்ளியது. நான் இருக்கும் இடம் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. இதற்காகத்தானே வாங்கினேன். மத்தியானத்துக்குப் பிறகு காற்று விழுந்துவிட்டது. துடுப்பை மாறி மாறி வலித்துக் கை கொப்பளித்து நாங்கள் துறைக்கு வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. முதலில் காரையும் ட்ரெய்லரையும் பார்த்தேன். இருந்தன. கிரெக்கின் காரும் பக்கத்தில் இருந்தது, அவருடைய படகைக் காணவில்லை. இந்த மனிதன் இவ்வளவு நேரமாகியும் போகவில்லையா, எதற்கு?

“இஞ்சருங்கோ, அவர் வரமுந்திக் கெதியா ஏத்துங்கோ. போவம்,” என்றாள் மாலதி.

ஏற்றுவதற்குள் அவர் படகு வந்தது. இடப்பக்கக் குடாவிலிருந்து வந்தது. முகம் வெயிலில் சிவந்து, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“மூன்று மணி தாண்டியும் உங்கள் கார் நின்றது. அந்தக் குடாவை இரண்டு தரம் சுற்றிவிட்டேன்,” என்றார். “நீ அங்கேதானே போவதாகச் சொன்னாய்?”

காற்று மாறிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். மாலதி முந்திக்கொண்டு, இவர் உங்களுக்குப் பொய் சொன்னவர் என்று தன் ஆங்கிலத்தில் போட்டு உடைத்துவிட்டாள். கிரெக் என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. திரும்பி வந்துவிட்டீர்கள், அது போதும் என்றார். படகை ஏற்ற வேண்டுமே என்று கயிற்றைக் கையில் எடுத்தார்.

நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். அந்தக் கேள்விகளைக் கேட்ட ஒருவர் தேடியும் போவார் என்று அதுவரை எனக்குத் தெரியாது. சித்தப்பாவின் நினைவில் அழுகை வந்துவிட்டது. முகம் கழுவுகிறவன்போல உப்புத் தண்ணீரை அள்ளி அடித்துக்கொண்டேன்.

இப்போதும் நல்ல காற்றுள்ள நாட்களில் அந்தத் துறைக்குப் போகிறோம். கிரெக் நின்றால் கேட்பார். மாலதி முகத்தைச் சுளிப்பாள். நான் போகும் பக்கத்தை உள்ளபடி சொல்கிறேன். திரும்பியதும் அவருக்குச் செய்தி அனுப்புகிறேன். ட்ரெய்லர் ஆழத்துக்கு இறங்கும்போது கயிற்றை அவர்தான் பிடிக்கிறார். காரின் திறப்பு மட்டும் இன்னும் மாலதியின் கைப்பைக்குள்தான்.