தம்பியின் காதும் எட்டுக் கை ராட்சசனும்

எங்கள் குடும்பத்தில் எனக்கு, ‘சமாதானம் செய்து வைத்தவள்’ என்று ஒரு நல்ல பெயர் உண்டு. கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் இன்றும் என் கன்னத்தைக் கிள்ளிச் சொல்வார்கள். நானும் மறுப்பதில்லை. சும்மா வருகிற பெயரை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் அன்று எனக்கு வேண்டியிருந்தது சமாதானம் அல்ல, ஒரு ராட்சசனின் தலை.

தாராவியில் எங்கள் சந்து முனையில் ஒரு வீடியோ கேம் பார்லர் இருந்தது. தகரக் கூரை, நான்கு இயந்திரங்கள், ஒரே ஒரு மின்விசிறி. அதுவும் முதலாளி பக்கம்தான் திரும்பியிருக்கும். கடைசி இயந்திரத்தில் ஓடிய துப்பாக்கிச் சண்டை ஆட்டம் என் உயிர். வேறு வேறு ஆட்டங்களின் நாயகர்களையெல்லாம் அதில் ஒன்றாக இறக்கியிருந்தார்கள். பக்கத்து இயந்திரத்தில் ஒருவரை ஒருவர் வெட்டிச் சாய்க்கும் வாள்காரனும் இரும்பு மனிதனும் இதில் சேர்ந்து நின்று சுடுவார்கள். இரண்டு பேராக ஆட வேண்டும். முடிவில் எட்டுக் கை ராட்சசன் வருவான். எனக்கு அப்போது ஒன்பது வயது. அவனை ஒருமுறைகூட வென்றதில்லை.

ஞாயிறு காலையில் அப்பா என்னோடு ஆடுவார், மாலையில் மாமா. இருவரும் சேர்ந்து வரமாட்டார்கள். இரண்டு வருடமாக அவர்களுக்குள் பேச்சு இல்லை. காரணம் என் தம்பியின் காது.

தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். காதுகுத்து அன்றைக்குப் பெய்த மழையில் டோம்பிவிலியிலிருந்து மாமா ஏறிய லோக்கல் ரயில் நடுவழியில் நின்றுவிட்டது. நல்ல நேரம் போகிறதே என்று அப்பா, தம்பியைப் பெரியப்பா மடியில் உட்காரவைத்துக் குத்திவிட்டார். சீர்த்தட்டோடு நனைந்துகொண்டு வந்த மாமா தம்பியின் காதைப் பார்த்தார். தட்டை வாசலில் வைத்துவிட்டு அப்படியே திரும்பிப் போனவர், அதன்பின் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. என்னைப் பார்க்க மட்டும் பார்லருக்கு வருவார். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். ஞாயிறு இரவு சோறு போடும்போது அம்மா, “மாமா மெலிஞ்சிட்டானாட்டி?” என்று மட்டும் கேட்பாள். அவர் இன்னும் குண்டாகிவிட்டார் என்று நான் உண்மையைச் சொல்வேன்.

என் கவலை வேறு. மாமா நன்றாகச் சுடுவார். ஆனால் ஒதுங்கத் தெரியாமல் செத்துப்போவார். அப்பா ஒதுங்குவதில் மன்னர், சுடத்தான் மறந்துவிடுவார். இருவரையும் ஒட்டினால் ஒரு முழு ஆள் தேறும் என்று எனக்குத் தோன்றியது. ஒரு ஞாயிறு, வயிற்று வலி என்று சொல்லி அப்பாவின் ஆட்டத்தை மாலைக்குத் தள்ளினேன்.

மாமாவைப் பார்த்ததும் அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். நான் அதற்குள் இரண்டு டோக்கனையும் போட்டு, பொத்தானை அமுக்கிவிட்டேன். திரையில் இரும்பு மனிதன் ஆளில்லாமல் அடி வாங்கிக்கொண்டிருந்தான். எதையும் வீணாக்கப் பொறுக்காதவர் அப்பா. முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தார்.

தோள் இடிக்க நின்றும் பேச்சு என் வழியாகத்தான் நடந்தது.

“ஏட்டி, ஒம் மாமாவ எடது பக்கம் வரச் சொல்லு.”

“மாமா, எடது பக்கம் வரணுமாம்.”

“அங்க எடமில்லன்னு ஒங்கப்பாட்ட சொல்லு.”

நான் திரும்பிச் சொல்வதற்குள் ஓர் உயிர் போய்விடும். மற்ற இயந்திரங்களில் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி நின்றார்கள். எனக்குத் தொண்டை கட்டிப்போனது. ஆனாலும் என் யோசனை பலித்தது. ராட்சசனுக்கு ஆறு கைகள் போய்விட்டன. பிறகு ஏழாவதும் போனது.

அப்போதுதான் மேலிருந்து ஒரு நெருப்புருண்டை அப்பாவின் ஆள்மேல் இறங்கியது. என்னிடம் சொல்ல நேரமில்லை.

“அத்தான், தலைக்கு மேல!” என்று மாமா கத்தினார்.

“பாத்துட்டேன் மாப்ளே!” என்றார் அப்பா.

அவ்வளவுதான். இருவர் கையும் நின்றுபோனது. ராட்சசன் மிச்சமிருந்த ஒற்றைக் கையால் இருவரையும் நசுக்கினான். தொடர விருப்பமா என்று திரை பத்திலிருந்து கீழே எண்ணத் தொடங்கியது. டோக்கன் போடுங்கள் என்று நான் இருவர் சட்டையையும் பிடித்து இழுத்தேன். ஒருவரும் அசையவில்லை.

“ரயில் நின்னது மறுநாள்தான் தெரியும் மாப்ளே. தெரிஞ்சும் நான் வந்து எந் தப்புதான்னு சொல்லல,” என்றார் அப்பா. மாமா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது பூஜ்யத்தைத் தொட்ட பிறகு, “அக்கா வீட்லதான இருக்கா?” என்று கேட்டார்.

அவர்களுக்கு முன்னால் நான் வீட்டுக்கு ஓடினேன். ஒரு கைதான் பாக்கி, இவர்கள் இரண்டு பேரும் பேசிப் பேசியே தோற்றுவிட்டார்கள் என்று அம்மாவிடம் ஆத்திரத்தோடு புகார் சொன்னேன். அம்மா என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தாள். அங்கே அப்பாவும் மாமாவும் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள்.

நான் ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, “அடுத்த வாரம் ஜெயிச்சிரலாம்மா,” என்றேன். அத்தனை பெரிய தோல்விக்கு அழ எங்கள் வீட்டில் ஓர் ஆளாவது இருக்கிறதே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.