ஈசானத்துப் புகைபோக்கி

1994 மார்ச் 7, திங்கட்கிழமை. அப்பா பெற்றோல் செட்டில் இரவு ஷிப்ட் முடித்து ஏழு மணிக்கு வந்து, பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். அம்மா எனக்கு இரட்டைப் பின்னல் பின்னிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். அம்மாவின் தம்பியான மாமா, கீழே பின்னறையில் சாமித்தட்டின் முன் நின்று தேவாரம் பாடிக்கொண்டிருந்தார். நான் பாடசாலைக்குப் போகுமுன் என் கட்டில் விரிப்பின் நான்கு மூலைகளையும் இழுத்து மெத்தைக்கடியில் செருகினேன். அதில் ஒரு சுருக்கம் இருந்தாலும் எனக்கு அன்றைய நாள் ஓடாது. அப்போது எனக்குப் பத்து வயது.

மறுநாள் மாமாவின் விசா வழக்கு. ஏற்கெனவே இரண்டு முறை மறுத்திருந்தார்கள். இதிலும் தோற்றால் அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது எனக்கும் தெரியும்.

ஈஸ்ட் ஹாமில், ஹை ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் உள்ள விக்டோரியா காலத்து வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. இன்றும் அதில்தான் இருக்கிறேன். கரி பிடித்த மஞ்சள் செங்கல். முன் ஜன்னல் தெருப்பக்கம் புடைத்து நிற்கும். அதன் தூண்களின் தலையில் கல்லில் செதுக்கிய இலைகள், தெரு முழுவதும் அதே இலைகள். வாசல் நடையில் சிவப்பும் கறுப்புமாய்ச் சதுர ஓடுகள். அறைக்கு ஒரு கணப்பு அடுப்பு உண்டு. அவற்றில் ஒன்றாவது எரிந்ததை நாங்கள் கண்டதில்லை.

எரியாத அந்த அடுப்புகளில் ஒன்றின் மேல்தான் மாமாவின் கண் விழுந்தது. இரண்டாம் முறை விசா மறுக்கப்பட்டபின் அவர் எங்கேயோ ஒரு திசைகாட்டி வாங்கிவந்து, அறை அறையாகப் பிடித்துப் பார்த்தார். பின்னறைக் கணப்பு சரியாக வடகிழக்கில் இருந்தது.

"அத்தான், சாமி இருக்கவேண்டிய ஈசானத்தில நெருப்பை வச்சிருக்கிறியள். எனக்கு எப்பிடி விசா வரும்?"

"அது எரியிறதே இல்லையடா."

"எரியாட்டியும் அடுப்பு அடுப்புத்தானே."

அப்பா இரண்டு கிழமை தாக்குப்பிடித்தார். பிறகு அம்மா வாய் திறந்தார். "உடைச்சுத் துலையுங்கோப்பா. நாளைக்கு என்ர தம்பியைத் திருப்பி அனுப்பினால், நீங்கள் ஒரு சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டதாலதான் எண்டு வரப்படாது."

பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மாமாவும் சுத்தியலோடு இறங்கினார்கள். கணப்பையும், அதைச் சுற்றி அறைக்குள் துருத்தி நின்ற செங்கல் கட்டையும் அந்த அறையின் மேல்தளம் வரை உடைத்து எடுத்தார்கள். மேலே தெரிந்த ஓட்டையைப் பலகை அடித்து மூடினார்கள். சுவர் நேரானது. அந்த இடத்தில் சாமித்தட்டு ஏறியது. அறை பெரிதாகிவிட்டதென்று அம்மாவுக்கும் சந்தோஷம். அந்த அறைக்கு நேர் மேலேதான் என் அறை; அங்கே அதே செங்கல் கட்டு அப்படியே நின்றது.

சில நாள் கழித்து வகுப்பில் எங்கள் ஊரின் வரலாறு பாடமாக வந்தது. ரயில் பாதை வந்ததும் வயல்களை வாங்கிய கட்டடக்காரர்கள், நகரத்து அலுவலகங்களுக்குப் போய்வரும் குமாஸ்தாக்களுக்காக வரிசை வரிசையாக வீடு கட்டினார்கள் என்று ஆசிரியை சொன்னார். அவரவர் வீட்டை நெடுக வெட்டினால் எப்படித் தெரியும் என்று படம் கீறச் சொன்னார். நான் அடிமட்டம் வைத்துக் கீறினேன். கூரைக்கு மேலே புகைபோக்கி, அதன் கீழே என் அறைச் செங்கல் கட்டு, அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

அடிப்பகுதியைக் கீற மறந்துவிட்டாயா என்று ஆசிரியை கேட்டார். அது அங்கே இல்லை என்றேன். "அப்படியென்றால் மேலே உள்ளதையெல்லாம் தாங்குவது எது?" என்று சிரித்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அந்தக் கேள்வியை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கட்டிலில் படுத்தால் செங்கல் கட்டு தலைமாட்டில் நின்றது. அதன் ஓரமாக மேற்கூரையிலிருந்து ஒரு வெடிப்பு இறங்கியிருந்தது. முன்பே இருந்ததா, புதிதா என்று தெரியவில்லை. யாரிடமும் சொல்லவும் பயம். சொன்னால் கணப்பைத் திரும்பக் கட்டுவார்கள், ஈசானத்தில் மறுபடி அடுப்பு வரும், மாமாவை அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் வீடு விழும். பத்து வயதுக்கு என்னால் முடிந்தது, கொப்பியில் ஒரு துண்டு கிழித்து வெடிப்பின் குறுக்கே பசை போட்டு ஒட்டுவதுதான். காலையும் மாலையும் அதைப் பார்த்தேன்.

அந்தத் திங்கட்கிழமை பாடசாலை விட்டு வந்து பார்த்தபோது கடதாசி நடுவால் கிழிந்திருந்தது.

வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் என் அறைக்கு வந்து கடதாசியைப் பார்த்தார். செங்கல் கட்டை விரல் முட்டியால் தட்டினார். உள்ளே ஏதோ பொலபொலவென்று உதிர்ந்தது. அவர் உடனே கையை எடுத்துவிட்டார்.

"பழைய வீடெண்டால் வெடிக்கும்தானே, பிள்ளை. மாமாவிட்ட ஒண்டும் சொல்லாதை. அவன் நாளைக்குத் தெளிவாக் கதைக்கவேணும்."

பிறகு கீழே போய், வயிற்றுவலி, இன்றைக்கு ஷிப்டுக்கு வர ஏலாது என்று போன் செய்தார். ஒருநாளும் லீவு எடுக்காத மனிதர். அது முடிந்ததும் பின்னறையில் இருந்த மாமாவின் மெத்தையைச் சுருட்டி முன்னறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"என்ன அத்தான் செய்யிறியள்?"

"நாளைக்குக் கேஸுக்குப் போறவன் சாமிக்கு நேரா காலை நீட்டிக்கொண்டே படுக்கிறது? இஞ்ச படு."

மாமா தனக்கு இது முன்பே தோன்றவில்லையே என்று வெட்கப்பட்டவர் போலத் தலையாட்டினார்.

அடுத்தது என் முறை. அம்மாவோடு முன்பக்கத்துப் படுக்கையறையில் போய்ப் படுக்கச் சொன்னார். "உன்ர கட்டில்தான் என்ர நாரி நோவுக்கு நல்லம்" என்று இடுப்பைத் தடவினார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. நான் சொன்னதை நம்பவும் இல்லை, போதாததற்கு என் கட்டிலையும் பறித்துக்கொண்டார். அவர் கால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், விரிப்பு முழுவதும் கசங்கும் என்று அம்மாவிடம் முறையிட்டேன். "வாயை மூடிக்கொண்டு படு" என்றார் அம்மா.

மாமாவுக்கு விசா கிடைத்தது. இன்று பெரிய கடைக்காரராகிவிட்ட அவர், கேட்பவர்களுக்கெல்லாம் ஈசானத்தைத்தான் காரணமாகச் சொல்கிறார். வழக்கு நடந்த கிழமைக்குள்ளேயே ஒரு கட்டடக்காரர் வந்து பின்னறையின் மேல்தளத்துக்குக் கீழே இரும்புத் தூலம் போட்டார். சாமித்தட்டின் பாரத்தைத் தாங்க என்று அப்பா சொன்னார். ஒரு சாமிப்படத்துக்கு இத்தனை பெரிய இரும்பா என்று மாமா அப்போதும் கேட்கவில்லை.

அந்த இரவு விடிந்து, வழக்கு நாள் காலையில் நான் முதலில் செய்தது, அம்மா எழும்புமுன் என் அறைக்கு ஓடியதுதான். அப்பா கதவடியில் கதிரை போட்டு, கோட்டும் சப்பாத்தும் மாட்டியபடி சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எங்கள் வீட்டில் யாரும் சப்பாத்தோடு மாடி ஏறியதில்லை. அதைப் பிறகு அம்மாவிடம் சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போய்க் கட்டிலைப் பார்த்தேன். விரிப்பின் நான்கு மூலைகளும் நான் செருகியபடியே இருந்தன. தலையணையில் ஒரு பள்ளம்கூட இல்லை. அப்பா என் கட்டிலைப் பழுதாக்கவில்லை. எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.