பேசாத முப்பது பேருக்கு ஒரு ரொட்டி

வலது ஓரத்து மாவுத் திரியை எடுத்து இரண்டைத் தாண்டி, ஒன்றின் அடியில் நுழைத்து, மறுபடி இரண்டைத் தாண்டி விட்டன விரல்கள். கண் அந்தப் பக்கம் போகவே இல்லை. வாய் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தது. ஆறு திரிகளும் பின்னி முடிந்ததும் நுனியை மடித்து அடியில் செருகி, பொங்க வைத்து, முட்டைக் கரு பூசி, எள் தூவி, ஆறேகாலுக்கு அடுப்பில் ஏற்றினாள் ஃப்ரேடல்.

புரூக்ளினில், யூதக் குடும்பங்கள் நிறைந்த எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கும் ஃப்ரேடல் உங்காருக்கு ரொட்டி சுட யாரும் கற்றுத் தரவில்லை. கல்யாணமான புதிதில் அவள் சுட்டதை, காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்தாராம் கணவர் ஆன்ஷெல். பதினெட்டு வருஷம் தப்பாகச் சுட்டுத்தான் சரியாகச் சுடக் கற்றாள். இன்று கட்டடத்தில் பாதி வீடுகளுக்கு ஓய்வுநாளுக்கான வெள்ளிக்கிழமை ரொட்டி அவள் கையால்தான்.

மூன்றாம் மாடி கெல்ப்ஸ்டைன் வீட்டுக்கு மட்டும் கடை ரொட்டி. காரணம், கெல்ப்ஸ்டைனின் மனைவி பெர்லுக்கு அண்ணனான ஸிண்டல். இரண்டு வருஷத்துக்கு முன் ஜெபக்கூட விருந்தில், நேரமாகிவிட்டது என்று அவசரப்படுத்தி அடுப்பைத் திறக்க வைத்தவர் அவர். ரொட்டி நடுவில் பச்சை மாவாக இருந்ததை ஊரெல்லாம் சொன்னவரும் அவரே.

இப்போது பெர்லின் மகளுக்குக் கல்யாணம் முடிந்து, ஏழு நாளும் விருந்து. செவ்வாய்க்கிழமை முறை பெர்லுடையது. முந்தின நாளே இறங்கி வந்து ரொட்டி கேட்டாள்.

"அண்ணன் வேண்டாங்கிறாரு. நாந்தான் உன்னை நம்பிச் சொல்றேன், ஃப்ரேடல். வேற ரொட்டி வாங்கப்போறதில்ல."

"ஏழு மணிக்குக் கரெக்டா வரும். நடுவுல பச்சையா இருந்துச்சுன்னா, அப்புறம் இந்தக் கட்டடத்துல யாரும் என்கிட்ட ரொட்டியே கேக்க வேண்டாம்."

செவ்வாய் மாலை ஆறு நாற்பதுக்கு யாரோ முழங்கையால் கதவை இடித்தார்கள். ஆன்ஷெல் திறந்தார். ஸிண்டல், கழுவித் துடைத்த இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

"என்ன ஸிண்டல், தீப்பிடிச்சுதா?"

"ம்ம்! ம்ம்ம்!"

"மாப்பிள்ளை ஓடிட்டானா?"

ஸிண்டல் கை கழுவுவதுபோல் காட்டினார், மாடியைக் காட்டினார், வாயைப் பொத்தினார், ரொட்டியைப் பிய்ப்பதுபோல் செய்தார்.

"அடக் கடவுளே! ஃப்ரேடல், எல்லாரும் கை கழுவி ஜெபம் சொல்லிட்டாங்க. இனி ரொட்டி வாயில விழுற வரைக்கும் ஒருத்தரும் பேச மாட்டாங்க."

"எத்தனை பேரு?"

மூன்று விரல்கள், பிறகு ஒரு வட்டம்.

"முப்பதா! யாரு கழுவச் சொன்னது?"

ஸிண்டல் கூரையைப் பார்த்தார். படிக்கட்டில் ரொட்டி வாசனை வந்ததும், வந்துவிட்டது என்று எல்லோரையும் குழாயடிக்கு விரட்டியவர் அவர்தான்.

"இன்னும் இருபது நிமிஷம் வேகணும்" என்றாள் ஃப்ரேடல்.

அவர் அடுப்பைக் காட்டினார். அவள் அதற்கு முதுகு கொடுத்து நின்றாள்.

"ரொட்டி கேக்கறதுக்காகப் பேசலாம் ஸிண்டல், தப்பில்ல" என்றார் ஆன்ஷெல். ஸிண்டல் முடியாது என்று தலையை ஆட்டினார். மதச் சட்ட விஷயத்தில் அவர் தன்னைத் தவிர யாரையும் நம்பியதில்லை. இதைத் தின்றுவிட்டாவது பேசட்டும் என்று நேற்றைய காய்ந்த ரொட்டித் துண்டு ஒன்றை ஃப்ரேடல் நீட்டினாள். மாப்பிள்ளை விருந்தை இதிலா தொடங்குவது என்பதுபோல் அதை முறைத்தார்.

"அப்ப உக்காருங்க. பதில் பேச முடியாத நேரமாப் பாத்து வந்திருக்கீங்க, நான் விடுவேனா? என் ரொட்டி மாவை வச்சு ஜன்னல் ஓட்டையை அடைக்கலாம்னு சொன்னது யாரு?"

"ம்ம்..."

"நீங்கதான். அடுப்பைத் திறக்கச் சொன்னது யாரு? அதுவும் நீங்கதான். அதை மட்டும் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

ஸிண்டல் மேஜை விரிப்பின் பூக்களை எண்ணத் தொடங்கினார்.

கெல்ப்ஸ்டைனே இறங்கி வந்தார். அவர் பின்னால் மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்குப் பின்னால் படிக்கட்டு முழுக்கத் தூக்கிய கைகளோடு ஆட்கள், சத்தமே இல்லாமல். கெல்ப்ஸ்டைன் பரம சாது. இரண்டு கைகளையும் சேர்த்துக் கெஞ்சினார்.

"எடுத்துடேன், ஃப்ரேடல்" என்றார் ஆன்ஷெல். "பாவம்."

அவள் கை அடுப்புக் கைப்பிடிக்குப் போனது. அங்கேயே கொஞ்சம் நின்றது. பிறகு இறங்கிவிட்டது.

"அன்னிக்கும் பாவம் பாத்துத்தான் எடுத்தேன். ஏழு மணின்னா ஏழு மணி."

ஏழு அடிக்க அவள் ரொட்டியை எடுத்துக் கவிழ்த்து, அடியில் விரலால் தட்டினாள். காலிப் பானையைத் தட்டினாற்போல் கேட்டது.

"நீங்களும் தட்டிப் பாருங்க ஸிண்டல். நாளைக்கு ஊருக்குச் சொல்லணுமே."

ஸிண்டல் தட்டினார். சுட்டுவிட்டது. கத்த முடியாமல் ஒரு காலில் இரண்டு சுற்றுச் சுற்றினார். கண்ணில் நீர் வர, மெல்லத் தலையை அசைத்தார். வெந்திருக்கிறது.

ஃப்ரேடல் ரொட்டியைத் துண்டில் சுற்றினாள். கெல்ப்ஸ்டைன் நன்றி சொல்ல வாயெடுத்தார்.

"வாயைத் திறக்காதீங்க! முதல்ல ஆண்டவருக்குச் சொல்லுங்க, எனக்குச் சாப்பிட்டுட்டுச் சொன்னாப் போதும். சூட்டுல கத்தி வைக்காம கையாலயே பிச்சு எடுங்க" என்று சொல்லி, அதை அவருடைய இரு கைகளிலும் வைத்தாள்.